எச்சில் டெஸ்ட்டை வெச்சு பார்க்கின்சனுக்கு டயட் போட முடியுமா?

வாசகி கேள்வி (திண்டுக்கல்): அப்பாவுக்கு 63 வயசு, மூணு வருஷமா பார்க்கின்சன் (நடுக்கம், விறைப்பு வர்ற மூளை நோய்), சிண்டோபா மாத்திரை மூணு வேளை. இப்ப மாத்திரை போட்டும் சில நாள் கை கால் விறைப்பு விடமாட்டேங்குது. ஒரு கம்பெனில எச்சில் எடுத்து ஜீன் டெஸ்ட் பண்ணி, அவர் ஜீனுக்கு ஏத்த சாப்பாட்டு சார்ட்டும் பவுடரும் 38,000 ரூபாய்க்கு தர்றாங்க. சாப்பாட்டால நோய் ஜீனை ஆஃப் பண்ணலாமாம், நிஜமா? 3,000 அட்வான்ஸ் கட்டிட்டோம். எனக்கும் இந்த நோய் வருமா?

பதில்: மிச்சப் பணத்தைக் கட்டாதீங்கம்மா. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கீழ ஜீன் கதையைப் படிச்சதும் "அப்ப அவங்க சொல்றது உண்மைதானே"ன்னு தோணும். அரை உண்மையைக் காட்டித்தான் இதை விக்கறாங்க.

சாப்பாட்டுக்கும் ஜீனுக்கும் தொடர்பு இருக்கு. பார்க்கின்சன் வந்தவங்க மூளை செல்லுக்குள்ள ஆல்ஃபா சைநியூக்ளின்னு ஒரு புரதம் கட்டி கட்டியா சேருது. அதைச் செய்யற ஜீன்ல கோளாறு இருந்தா நோய் வரும்னு 1997-ல இத்தாலி, கிரீஸ் குடும்பங்களை வெச்சு கண்டுபிடிச்சாங்க. கோளாறு இல்லாத அதே ஜீன் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு, ஃபேன் எல்லார் வீட்லயும் இருக்கற மாதிரி, எவ்ளோ வேகமா சுத்தறதுங்கறது ரெகுலேட்டரைப் பொறுத்தது. அந்த ரெகுலேட்டர்கள்ல ஒண்ணு ஜீன் மேல ஒட்டற மீத்தைல்ங்கற சின்னப் பொருள், அது அதிகமா ஒட்டியிருந்தா ஜீன் பெரும்பாலும் அடங்கி இருக்கும். இறந்துபோன பார்க்கின்சன் நோயாளிகளோட மூளையைப் பார்த்த சில ஆய்வுகள்ல இந்த ஜீன் மேல மீத்தைல் குறைஞ்சிருந்துச்சு. மீத்தைலுக்கு வேண்டிய ஃபோலேட், பி12 எல்லாம் சாப்பாட்டுல இருந்துதான் வருது. நார்ச்சத்தும் அப்படித்தான், அதைத் தின்னு குடல் பாக்டீரியா செய்யற பியூட்டிரேட்ங்கற அமிலம் ஜீன் வேலையை மாத்தும். ஆனா 2016-ல ஒரு எலி ஆய்வுல இந்த வகை அமிலங்களைக் குடுத்தப்போ நோய் ஜாஸ்திதான் ஆச்சு. எந்தப் பக்கம் திருப்பினா நல்லதுன்னே ஆராய்ச்சிக்காரங்க இன்னும் முடிவு பண்ணல, இவங்க அதுக்குள்ள சார்ட்டே அடிச்சுட்டாங்க.

இன்னொண்ணு, இந்த மாதிரி எச்சில் டெஸ்ட் வழக்கமா ஜீன்ல இருக்கற எழுத்தை, அதாவது ஜீனோட அடிப்படை வரிசையை மட்டும்தான் படிக்குது. அது அப்பா பொறந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கும், கீரை சாப்பிட்டாலும் மாறாது கறி சாப்பிட்டாலும் மாறாது. சாப்பாடு தொடக்கூடியது ரெகுலேட்டரை, அதுவும் நோய் இருக்கற இடம் நடு மூளைக்குள்ள, அங்க என்ன ஓடுதுன்னு எச்சில்ல தெரியாது. இந்த எழுத்து இருந்தா இதைச் சாப்பிடு, பார்க்கின்சன் குறையும்னு எந்த நாட்டு நியூராலஜி வழிகாட்டுதல்லயும் கிடையாது.

பவுடருக்கு வருவோம். வழக்கமா இதுல போடறது வைட்டமின் ஈ, கோஎன்சைம் க்யூ10, கிரியேட்டின். மூணையும் பெரிய அளவுல டம்மி மாத்திரையோட ஒப்பிட்டு சோதிச்சாச்சு. வைட்டமின் ஈ முடிவு 1993-ல, க்யூ10 முடிவு 2014-ல, கிரியேட்டின் 1,741 பேரை வெச்சு 2015-ல வந்துச்சு. மூணுலயும் பிரயோஜனம் இல்ல. டப்பா மேல எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கேன்னு காட்டுவாங்க, அது உணவுப் பொருளுக்குக் குடுக்கற லைசென்ஸ், நோய் குணமாகும்னு அதுக்கு அர்த்தம் இல்ல. மூளை நோயைக் குணப்படுத்தும்னு மருந்துக்கு விளம்பரம் பண்றதே 1954 சட்டப்படி குத்தம், ஆனா எழுபது வருஷமா சட்டம் சட்டமா இருக்கு, விளம்பரம் விளம்பரமா ஓடிட்டே இருக்கு, கேக்க வேண்டியவங்க கேக்கறதில்ல.

லேபிள்ல பூனைக்காலி, இல்லன்னா முகுனா, கபிகச்சுன்னு ஏதாவது இருக்கான்னு அவசியம் பாருங்க. பூனைக்காலி விதைல லெவோடோபா நிஜமாவே இருக்கு, அப்பாவோட மாத்திரைல இருக்கற அதே மருந்து. 2004-ல லண்டன்ல நடந்த சின்ன ஆய்வுல கூட அது வேலை செஞ்சுது, நான் மறுக்கல. ஆனா கடைல வாங்கற பவுடர்ல எவ்ளோ லெவோடோபா இருக்குன்னு டப்பாவுக்கு டப்பா மாறும், மாத்திரைக்கு மேல அதையும் குடுத்தா கை கால் தன்னால முறுக்கறது, பிரஷர் இறங்கி விழறது, இல்லாத ஆளு தெரியறதுன்னு ஆரம்பிச்சிடும். வாந்தி வரும், பக்கத்து கிளினிக்ல மெட்டோகுளோபிரமைடு ஊசி போடுவாங்க, அது பார்க்கின்சனை இன்னும் மோசமாக்கும். "மாத்திரையை நிறுத்திட்டு பவுடர் எடுங்க"ன்னு ஒரு ஏஜென்ட் சொன்னா போனை வெச்சிடுங்க. சிண்டோபாவைத் திடீர்னு நிறுத்தினா கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரி, அப்பாவுக்கு சாப்பாட்டுல உண்மையா எது உதவும்? நேரம். லெவோடோபாவும் புரதத்துல இருந்து வர்ற அமினோ அமிலங்களும் குடல்லயும் மூளை வாசல்லயும் ஒரே வழியாத்தான் உள்ள போகணும். நம்ம ஊர்ல எந்த மாத்திரையா இருந்தாலும் மெடிக்கல் ஷாப் கவர்ல "சாப்பாட்டுக்கு பின்"னுதான் எழுதித் தர்றாங்க, அதனால இட்லி சாம்பார், முட்டை, ஒரு டம்ளர் பால் எல்லாம் முடிச்சுட்டு மாத்திரை போடறாங்க, அது வேலை செய்யல, உடனே நோய் முத்திருச்சுன்னு டோஸ் ஏறுது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி, வெறும் தண்ணியில குடுங்க, பாலோட வேண்டாம். குமட்டுச்சுன்னா ரெண்டு பிஸ்கட் போதும். இரும்புச்சத்து மாத்திரை எடுக்கறார்னா ரெண்டு மணி நேரம் தள்ளி வைங்க. இதுக்கப்புறமும் பகல்ல விறைப்பு இருந்தா பருப்பு, முட்டை, மீன், தயிரை ராத்திரிக்குத் தள்ளிப் பாருங்க. குறைக்காதீங்க, தள்ளுங்க, எடை இறங்கினா அது தனிப் பிரச்சனை. மலச்சிக்கலையும் கவனிங்க, வயிறும் குடலும் மெதுவா வேலை செஞ்சா மாத்திரையும் லேட்டாத்தான் ஏறும். கீரை, வாழைத்தண்டு, தண்ணி, காசு கேக்காத வைத்தியம் இது.

அப்புறம் பி12 பாருங்க. லெவோடோபாவை உடைக்க உடம்பு அதே மீத்தைல் சரக்கைத்தான் செலவு பண்ணுது, அதனால ரத்தத்துல ஹோமோசிஸ்டீன்ங்கற அமிலம் ஏறும், பி12 குறைவா இருக்கறவங்களுக்கு இன்னும் ஏறும், கால் மரத்துப் போகும். சைவம் சாப்பிடறவரா இருந்தா, இல்ல சுகருக்கு மெட்ஃபார்மின் எடுத்தா கட்டாயம் டெஸ்ட் பண்ணணும். ஜீன், மீத்தைல்னு பேசறதுல இன்னைக்கு அப்பாவுக்குக் கைக்கு எட்டற விஷயம் இது ஒண்ணுதான். இதையெல்லாம் டாக்டர் ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. வாசல்ல நூறு பேர் நிக்கற ஓபில ஒரு ஆளுக்குக் கிடைக்கறது அஞ்சு நிமிஷம், டயட்டிஷியன் அறைக்குப் போனா சுகர் சார்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பாங்க. அந்த ஓட்டை வழியாத்தான் 38,000 ரூபா பேக்கேஜ் உள்ள வருது.

ஜீன் டெஸ்ட்டே வேண்டாமான்னா, ஒரு கூட்டத்துக்கு வேணும், ஆனா உங்க அப்பா மாதிரி 60-ல ஆரம்பிச்சவங்க அந்தக் கூட்டத்துல இல்ல. 40 வயசுக்குள்ள நடுக்கமோ விறைப்போ வந்து, அதுவும் அப்பா அம்மா சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்ணினவங்கன்னா நல்ல நியூராலஜிஸ்ட்கிட்ட போய் டெஸ்ட் எடுக்கணும். மாமன் மகள், அக்கா மகள்னு கட்டிக்கற வழக்கம் நம்ம பக்கம் ஜாஸ்தி, 'பார்க்கின்'னு பேர் வெச்ச ஜீன் மாதிரி சில ஜீன்கள் அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் பழுதா வந்து சேர்ந்தாத்தான் நோய் வரும், சொந்தத்துக்குள்ள கட்டினா சேர வாய்ப்பு அதிகம். அதுக்கும் முன்னாடி வில்சன் நோய் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். அதுவும் இப்படி ரெண்டு பக்கமும் பழுதா வர்ற ஜீன்தான், செம்பு உடம்பை விட்டு வெளியேறாம ஈரல்லயும் மூளையிலயும் தங்கிடும், பார்க்க பார்க்கின்சன் மாதிரியே இருக்கும். ரத்தத்துல செருலோபிளாஸ்மின்ங்கற செம்பைச் சுமக்கற புரதம், 24 மணி நேர சிறுநீர்ல செம்பு, கண்ணுல செம்பு படிஞ்ச வளையம், இந்த மூணுல பெரும்பாலும் பிடிபட்டுடும். பென்சிலமைன், சிங்க் மருந்து இருக்கு, சீக்கிரம் பிடிச்சா நல்லா ஆயிடுவாங்க. இங்கதான் ஜீனைப் பார்த்து சாப்பாட்டை மாத்தறது நிஜமாவே வைத்தியத்தோட ஒரு பகுதி, ஈரல், நண்டு, முந்திரி, காளான், சாக்லேட் தவிர்க்கணும், நல்லதுன்னு செம்புப் பாத்திரத்துல தண்ணி வெச்சுக் குடிக்கறதையும் நிறுத்தணும். 25 வயசுப் பையன் கை நடுங்கினா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

உங்களுக்கு வருமான்னா, 60-ல ஆரம்பிச்சிருக்கு, குடும்பத்துல வேற யாருக்கும் இல்லைன்னா, மத்தவங்களை விடக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு, அவ்ளோதான், டெஸ்ட் வேண்டாம்.

அட்வான்ஸுக்கு, எச்சில் சாம்பிளைக் குடுக்காதீங்க, குடுத்துட்டா "வேலை ஆரம்பிச்சாச்சு"ம்பாங்க. ரத்து பண்றோம்னு வாட்ஸ்அப்லயும் மெயில்லயும் எழுதிப் போட்டு, பணம் கட்டின ரசீதோட வெச்சுக்கங்க, திருப்பித் தரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுங்க.