லினக்ஸில் டிஎஸ்எல் இணைப்பு: டயல் செய்வது மோடமா, கணினியா?

கேள்வி: விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு போட்டிருக்கிறேன். டிஎஸ்எல் மோடமின் கேபிளைச் செருகினால் 'இணைக்கப்பட்டது' என்று காட்டுகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. விண்டோஸில் 'பிராட்பேண்ட்' ஐகானைச் சொடுக்கி, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுப்பேன். இங்கே அதை எங்கே கொடுப்பது? தனியாக டிரைவர் வேண்டுமா?

பதில்: டிரைவர் எதுவும் வேண்டாம். தொலைபேசி லைனைக் கவனிப்பது மோடமின் வேலை. லினக்ஸுக்குத் தெரிய வேண்டியது ஈதர்நெட் (மோடமிலிருந்து கணினிக்கு வரும் கேபிள் இணைப்பு) மட்டும்தான். 'இணைக்கப்பட்டது' என்பதற்கும் கேபிள் சரியாக இருக்கிறது என்றுதான் பொருள், இணையம் வந்துவிட்டது என்று அல்ல.

முதலில் மோடமில் டிஎஸ்எல் விளக்கைப் பாருங்கள். அது சிமிட்டாமல் நிலையாக எரிய வேண்டும். சிமிட்டிக்கொண்டே இருந்தால் கோளாறு லைனில், அல்லது தொலைபேசியையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் அல்லது ஃபில்டரில். அதைச் சரிசெய்யாமல் உபுண்டுவில் எதை மாற்றினாலும் பயனில்லை.

விளக்கு சரி என்றால், ஐகானைச் சொடுக்கி இணைத்தேன் என்கிறீர்களே, அதுதான் துப்பு. உங்கள் மோடம் பிரிட்ஜ் முறையில் இருக்கிறது. அதாவது சிக்னலை அப்படியே கணினிக்குக் கடத்துகிறது. பயனர் பெயர் கொடுத்து உள்ளே நுழையும் பிபிபிஓஇ வேலையை விண்டோஸ் செய்துவந்தது. இப்போது அதைச் செய்ய ஆள் இல்லை.

அந்த வேலையை மோடமிடமே ஒப்படைத்துவிடுங்கள் என்பதே என் உறுதியான யோசனை. பிரவுசரில் மோடமின் முகவரிக்குப் போங்கள். பல மோடம்களில் அது 192.168.1.1, இல்லாவிட்டால் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் பாருங்கள். வெளி இணைய இணைப்புக்கான வேன் (WAN) பகுதியில் பிரிட்ஜ் என்பதை பிபிபிஓஇ என்று மாற்றி, பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துச் சேமியுங்கள். அங்கேயே விபிஐ, விசிஐ என்று இரண்டு எண்கள் இருக்கலாம். அவற்றைத் தொடாதீர்கள். மற்றவற்றை மாற்றும் முன்பும், இருக்கும் அமைப்பை ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. அப்புறம் மோடமில் டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதி) இயங்கினால் உபுண்டு தானாகவே முகவரி வாங்கிக்கொள்ளும். வீட்டில் மற்ற கருவிகளுக்கும் இணையம் கிடைக்கும், கணினியும் நேரடியாக வெளியுலகுக்குத் திறந்து கிடக்காது.

மோடமின் அமைப்புக்குள் போக வழியில்லை என்றால் மட்டும் கணினியை டயல் செய்ய, அதாவது பயனர் பெயர் கொடுத்து இணைய, விடுங்கள். உபுண்டுவின் வழக்கமான செட்டிங்ஸ் பகுதியில் இதற்கான இடம் கண்ணில் படாது. 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் கான்ஃபிகரேஷன்' என்று தேடித் திறந்து, கூட்டல் குறியை அழுத்தி, டிஎஸ்எல் வகையைத் தேர்ந்தெடுங்கள். பேரன்ட் இன்டர்ஃபேஸ் கேட்டால் உங்கள் ஈதர்நெட் கார்டைக் காட்டுங்கள். பயனர் பெயரில் அட் குறியும் அதற்குப் பின்னால் ஒரு பகுதியும் இருந்தால் முழுவதையும் தட்டச்சு செய்ய வேண்டும். பாதியில் நிறுத்தினால் சர்வர் ஏற்காது. சர்வீஸ் என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். தானாக இணைய வேண்டும் என்பதையும் டிக் செய்துவிட்டால் ஒவ்வொரு முறையும் சொடுக்கத் தேவையில்லை. இந்த வழியில் போகிறவர்கள் ஃபயர்வாலைக் கட்டாயம் இயக்க வேண்டும். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் இருக்கிறது, ஆனால் தானாக இயங்காது. நீங்கள்தான் இயக்க வேண்டும்.

இணைந்த பிறகு சிலரைக் குழப்பும் ஒரு சிக்கல்: சில தளங்கள் சட்டென்று திறக்கும், சில பாதியில் நின்றுவிடும். இதற்குப் பெரும்பாலும் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, காரணம். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 தான் மிஞ்சும். டிஎஸ்எல் இணைப்பின் எம்டியு கட்டத்தில் 1492 என்று கொடுத்துப் பாருங்கள்.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் பாஸ்வேர்டு தவறு என்றே வந்தால், மோடமும் கணினியும் ஒரே நேரத்தில் டயல் செய்கின்றனவா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் ஒரு கணக்குக்கு ஒரு இணைப்பைத்தான் அனுமதிக்கும். திடீரென்று அறுந்த பழைய இணைப்பு சர்வர் பக்கத்தில் சற்று நேரம் உயிரோடு இருப்பதும் உண்டு. மோடமைச் சில நிமிடங்கள் அணைத்துவைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.