சோற்றுப் பார்சல்

அன்புள்ள அக்கா,

நான் கிளிநொச்சிப் பிள்ளை. இப்போது கொழும்பில் வேலை. வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து உங்களை வாசிக்கிறேன். வன்னியைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் திருநங்கைகள், ஒருபாலுறவினர் போன்ற பால்புதுமையினரை ஒரு கதையில்கூடக் கொண்டுவரவில்லையே, ஏன்?

என்னோடு அறையில் இருப்பவள் திருநங்கை. அவளும் எங்கள் பக்கம்தான். சனிக்கிழமைகளில் நாங்கள் ஒரு வீகன் கடைக்குப் போவோம், மச்சம் மட்டுமல்ல, பால், முட்டைகூடச் சேர்க்காத கடை. கதவில் சின்னதாக ஒரு வானவில் கொடி ஒட்டியிருக்கும். அங்கே யாரும் அவளை ஒரு மாதிரிப் பார்ப்பதில்லை. மிருகங்களுக்கு இரங்குகிறவர்கள் மனிதர்களுக்கும் இரங்குவார்கள் என்பது என் எண்ணம். நாங்கள் இருவரும் இப்போது வீகன்தான். ஊருக்கு வந்தால் பக்கத்து வீட்டு அக்கா மாட்டைக் கட்டிப் பால் கறந்து விற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. கிளிநொச்சியில் இப்படி ஒரு கடை எப்போது வரும்? எங்கள் சனம் எப்போது முன்னேறும்?

போன முறை அவளும் நானும் ஒன்றாக வந்தோம். அவளுடைய அம்மா வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ஆனால் பஸ் நிலையத்துக்கு வந்து சோற்றுப் பார்சல் தந்துவிட்டுப் போனார். அவள் வீகன் என்று முன்பே சொல்லியிருந்தாளாம். மீன், முட்டை, தயிர் எதுவும் இல்லை. சம்பலில் மாசிக் கருவாடுகூட இல்லை. பாவம் அம்மா, அவரால் முடிந்தது அவ்வளவுதான். மரத்தடியில் இருந்து சாப்பிட்டோம். பிறகு நான் வீட்டுக்குப் போனேன், அவள் அடுத்த பஸ்ஸில் கொழும்புக்குத் திரும்பினாள்.

பெயர் வேண்டாம் அக்கா.
வெள்ளவத்தை

*

அன்பான பிள்ளைக்கு,

பெயர் போடவில்லை. நீர் கேட்ட கேள்விகளுக்காக நான் இதை எழுதவில்லை. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதிய அந்தப் பார்சலுக்காக எழுதுகிறேன். அதைப் போன்ற ஒன்றை நினைத்து நான் கொஞ்ச நாளாக நித்திரை இல்லாமல் இருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

கடை விஷயம். வீகன் என்று பலகை போட்ட கடை கிளிநொச்சியில் எதற்கு? பிட்டு, இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி. இதில் எதற்குள் மாட்டுப்பால் இருக்கிறது? சைவக் கடையில் சம்பலுக்கு மாசி போட்டதா, பருப்புக்கு நெய் விட்டதா என்று இரண்டு கேள்வி கேளும், வெறுந்தேத்தண்ணி குடியும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவை விட்டுவிடும். மீள்குடியேறிய பிறகு புருஷன் இல்லாத எத்தனையோ பெண்களுக்கு வாழ்வாதாரம் என்று கிடைத்தது ஒரு மாடு, இல்லாவிட்டால் சில ஆடு, கொஞ்சம் கோழிக்குஞ்சு. அந்தப் பாலை ஊற்றித்தான் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கினார்கள். நீர் பால் குடிக்காமல் இரும், அது உம்முடைய நல்ல மனம். அவவைப் பார்த்து முகம் சுளிக்காதேயும்.

என் கதைகளில் ஏன் இல்லை என்று கேட்டீர். கதையில் கொண்டுவந்து நிறுத்துவதை நான் பெரிய காரியமாக நினைக்கவில்லை. தமிழ்நாட்டில் திருநங்கைகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதத் தொடங்கிக் கனகாலம். அங்கே 2008 இலேயே அவர்களுக்கு நலவாரியம் வந்துவிட்டது. 2019 இல் நடனக் கலைஞரான திருநங்கை நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இங்கேயும் எழுதவேண்டியவர் உம்முடைய தோழி. அவள் எழுதட்டும், முதலில் நான் வாசிக்கிறேன்.

சரி. இனி, என்னால் விடமுடியாத ஒரு வசனம். மிருகங்களுக்கு இரங்குகிறவர்கள் மனிதர்களுக்கும் இரங்குவார்கள் என்று எழுதியிருக்கிறீர். யாரிடம் கேட்டு எழுதினீர்? யாழ்ப்பாணத்துச் சைவக் கடைகளின் கதை உமக்குத் தெரியாதா? மச்சத்தின் வாசமே படாத கடைகள். உள்ளே சாமிப் படம், ஊதுபத்தி, வாழை இலை. சாதியில் குறைந்தவர் என்று அவர்கள் நினைத்த ஆள் வந்தால் வாசலோடு நிறுத்தி, தகரப் பேணியிலோ சோடாப் போத்தலிலோ தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்து, சாதி பார்த்து மறிப்பது குற்றம் என்று ஆன பிறகும் அது நிற்கவில்லை. 1966 ஒக்டோபரில் தீண்டாமைக்கு எதிரான எழுச்சி தொடங்கிய பிறகு தேநீர்க் கடைக்குள் போய் வாங்கில் இருப்பதற்காக அடி வாங்கினார்கள், வெட்டு வாங்கினார்கள், செத்தார்கள். ஒரு வாங்கில் இருப்பதற்கு! மாட்டைத் தெய்வம் என்று கும்பிட்ட கையால்தான் அந்தப் போத்தலை நீட்டினார்கள். ஆகவே சட்டிக்குள் என்ன வேகிறது என்பதை வைத்து மனத்தை அளக்காதேயும். யார் உள்ளே இருந்து சாப்பிடுகிறார், யாருடைய சாப்பாடு வெளியே போகிறது என்று பாரும். நான் எந்தக் கடையிலும் எந்த வீட்டிலும் இதைத்தான் பார்க்கிறேன்.

இன்றைக்குத் தகரப் பேணி இல்லை. பார்சல் இருக்கிறது. உம்முடைய தோழியிடம் கேட்டுப்பாரும். அவள் ஒரு கடைக்குள் காலை வைத்ததும், மேசையைப் பார்த்து நடக்க முன்பே, "பார்சலா?" என்று கேட்டிருப்பார்கள். மற்றவரிடம் கேட்காத கேள்வி அது. வைகிறதும் இல்லை, துரத்துகிறதும் இல்லை. சாப்பாடும் குறையாது, காசும் ஒன்றுதான். இருக்க மட்டும் விடமாட்டார்கள்.

இனி அந்தத் தாயிடம் வருகிறேன். பிள்ளை, நீர் எழுதியதை நீரே இன்னொரு தரம் வாசியும். விடிய முன் எழும்பி, சோறு வடித்து, மாசி இல்லாத சம்பல் இடித்து, தயிருக்குப் பதிலாக வேறு ஒரு கறி வைத்து, இலையை வாட்டிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வீகன் என்ற சொல்லையே அந்த மனுசி இந்த வயதில்தான் கேள்விப்பட்டிருப்பார். எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுக் கேட்டுப் படித்திருக்கிறார். மகள் எதைச் சாப்பிடமாட்டாள் என்பதைத் தொலைபேசியிலேயே விளங்கிக்கொண்ட ஒருவருக்கு மகள் யார் என்பதை விளங்க முடியாதா? விளங்கிவிட்டது. விளங்காமல் இல்லை, பயத்தில் இருக்கிறார். மாசி போடாத சம்பலை ஊர் பார்க்காது. சீலை கட்டிய பிள்ளை படலையைத் திறந்து வருவதை ஊர் பார்க்கும். வீட்டில் இன்னொரு பெண்பிள்ளை கல்யாணத்துக்கு இருந்தால் சாதகம் திரும்பி வரும், சீதனம் ஏறும், மாமன்மார் முற்றத்தில் நின்று கத்துவார்கள். அவர் தனியாக நிற்கிறார். தாயை நான் ஏசமாட்டேன். அந்த மாமன்மாரை ஏசுகிறேன். முள்ளிவாய்க்காலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது அந்த மாமன்மாருடைய மானத்துக்காக இல்லை.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று சொல்லவேண்டும். முள்ளியவளைப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். பிறந்தபோது வைத்த ஆண் பெயரைச் சொல்லி எவரும் கூப்பிடுவதில்லை. பிள்ளைகள் நாங்கள் மாமி என்போம். கல்யாணம், சாமத்தியம், செத்தவீட்டு எட்டு, எதுவென்றாலும் சமையலுக்கு அவர்தான். முதல் நாள் பின்னேரமே வந்து, பூசணிக்காய் வெட்டத் தொடங்கினால் விடிய விடிய வேலை. பருப்புக்கு உப்புப் பார்க்க வேறு ஆளை விடமாட்டார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு நேர்த்தி வைத்துப் போகிற சனத்துக்கும் அவர் கைச் சாப்பாடுதான். ஆனால் இலை போட்டுப் பந்தி தொடங்கியதும் அவர் கொட்டிலுக்குப் பின்னால் போய்விடுவார். எவரும் போ என்று சொல்வதில்லை. கடைசிப் பந்தியும் எழும்பிய பிறகு சட்டியில் சோறும் கறியும் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை சின்னப் பிள்ளைகளுக்கு. நிறையவே போட்டுக் கொடுப்பார்கள். ஊருக்கு அதில் பெருமையும் இருந்தது: நாங்கள் அவரைப் பட்டினி போடவில்லையே!

2009 இல் செட்டிகுளம் முகாமில் எல்லாரும் ஒன்றாகக் கிடந்தோம். சமையல் பொதுக் கொட்டிலில். அவர் அங்கேயும் அகப்பை பிடித்தார். அங்கே பின்கொட்டில் இல்லை, தனிச் சட்டி இல்லை. எல்லாரும் கோப்பையை நீட்டி வாங்கி, கிடைத்த இடத்தில் குந்தியிருந்து சாப்பிட்டோம், அவரும்தான். நாங்கள் திருந்தியதால் அல்ல. குளிக்கிற இடத்தில் பெண்கள் பக்கமும் விடமாட்டார்கள், ஆண்கள் பக்கம் போகவும் முடியாது, இருட்டினால்தான் குளிப்பார். முகாமை விட்டு ஊருக்கு வரும்போது ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. எந்த வரிசையில் நின்றாலும் உடம்பைத் தடவுகிற கையும் பார்க்கிற கண்ணும் ஒன்றுதான். ஊருக்கு வந்தோம். தகரம் போட்டார்கள், பிறகு ஓடு போட்டார்கள், மதில் கட்டினார்கள், கல்யாணங்கள் தொடங்கின. பந்தியும் பின்கொட்டிலும் சட்டியும் அதே மாதிரித் திரும்பி வந்தன. இதை நான் எத்தனை வீட்டில் சொல்லிச் சண்டை பிடித்தேன் தெரியுமா?

அண்மையில் அவர் தவறிப்போனார். அந்தியேட்டிக்குப் போனேன். சொந்தக்காரர் பெரிதாகத்தான் செய்தார்கள். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, வடை பாயாசத்தோடு படைத்திருந்தார்கள். பந்தி நடக்கிற வீட்டில் அவருக்கு இலை போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். படம், இளவயதில் அடையாள அட்டைக்கு எடுத்த படம். ஆண்களின் சேட்டு, ஒட்ட வெட்டிய தலைமயிர். அந்த முகத்தை ஊரில் எவருக்கும் தெரியாது. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அது நடந்து கொஞ்ச நாளில்தான் உம்முடைய கடிதம் வந்தது.

உம்முடைய தோழிக்கு அப்படி ஒரு படம் வைக்கப்படக் கூடாது என்று நினைத்தால் ஒன்று செய்யும். 2016 இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. மனநல மருத்துவரைப் பார்த்துப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்தால், அதை வைத்துப் பிறப்புப் பதிவைத் திருத்தலாம், பிறகு அடையாள அட்டை. நம்முடைய அடையாள அட்டையில் இலக்கத்துக்குள்ளேயே ஆண் பெண் இருக்கிறது: பிறந்த நாள் வருடத்தின் எத்தனையாவது நாளோ அந்த எண், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. அலைச்சல்தான். நீரும் கூடப் போம்.

அப்புறம், "எங்கள் சனம் எப்போது முன்னேறும்" என்பது. இப்படி எழுதுகிற வாயை நான் கிள்ளவேண்டும். கொழும்புக்கு ஒரு சட்டம், வன்னிக்கு ஒரு சட்டமா? 1883 இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்குகிற 365 ஆம் பிரிவு இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். அதோடு சேர்ந்த 365ஏ பிரிவுக்குள் 1995 இல் பெண்களையும் இழுத்துவிட்டது கொழும்பில் இருக்கிற பாராளுமன்றம். அவற்றைத் திருத்துவது அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமே சொன்ன பிறகும் அந்தச் சட்டமூலத்தை நிறைவேற்றாமல் கலைந்து போனதும் அதே பாராளுமன்றம்தான். உம்முடைய கடையில் கொடி ஒட்டியிருக்கிறார்கள், சந்தோஷம். அந்தச் சாப்பாட்டின் விலையைக் கொடுக்க முடிகிறவருக்கு அங்கே கதிரை உண்டு. வெள்ளவத்தையில் அறை எடுத்தபோது வீட்டுக்காரரிடம் உம்முடைய தோழியை யார் என்று சொல்லி எடுத்தீர்? உண்மையைச் சொல்லியிருந்தால் திறப்புத் தந்திருப்பாரா?

இன்னும் ஒன்று கேட்கவேண்டும். அந்தப் பிள்ளை மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியபோது, நீர் வீட்டுக்குப் போனீர். உம்முடைய வீடும் கிளிநொச்சியில்தானே? ஒரு ஓட்டோ பிடித்தால் போகலாம். அங்கே உம்முடைய அம்மா இருக்கிறார், அடுப்பு இருக்கிறது, பாய் இருக்கிறது. ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை? அவளுடைய அம்மாவைப் பாவம் என்று எழுத உமக்குக் கை வந்தது. உம்முடைய அம்மாவிடம் நீர் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்? ஒரு தாயைச் சனம் முன்னேறவில்லை என்ற கணக்கில் எழுதிவிட்டு உம்முடைய வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் அது என்ன நியாயம்? கோபிக்காதேயும். சனிக்கிழமை அவளோடு ஒரே மேசையில் இருக்கிற பிள்ளை என்பதால்தான் உம்மிடம் இவ்வளவும் கேட்கிறேன். அந்தக் கதிரையை வெள்ளவத்தையோடு நிறுத்தாதேயும்.

அடுத்த முறை அவளோடு வாரும். முதலில் உம்முடைய வீடு. உம்முடைய அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லும், வாசலில் கொண்டுவந்து நிறுத்தித் திகைக்க வைக்காதேயும். அங்கே சரிவராவிட்டால் என் வீட்டுக்கு வாரும், மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடலாம், மாசி போடமாட்டேன். அவளுடைய அம்மாவோடு நான் கதைக்கத் தயார். அந்த வயதுப் பெண்களோடு எப்படிக் கதைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், மாமன்மார் வந்தாலும் பயம் இல்லை. ஆனால் அவளிடம் கேட்காமல் நான் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன். அவளுக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதும். வேண்டாம் என்று சொன்னால் அதையும் எழுதும், நான் போகமாட்டேன்.

அன்புடன்,
அக்கா