பிஸ்டல் மேகசினைப் பாலிஷ் பட்டறையில் கொடுக்கலாமா?

கேள்வி: என் தந்தையாரிடமிருந்து முறைப்படி என் உரிமத்துக்கு மாற்றப்பட்ட .32 வால்தர் பிபி பிஸ்டல் என்னிடம் உள்ளது. அதன் இரண்டு மேகசின்களிலும் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் கூடு) கறுப்பு தேய்ந்து, ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள் விழுந்துள்ளன. கண்ணாடிபோலப் பளபளப்பாக்கிவிட்டால் துரு நின்றுவிடும், தோட்டாவும் சிக்காமல் ஏறும் என்கிறார் நண்பர். பாத்திரங்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் ஒரே நாளில் குரோம் முலாம் பூசி வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கொடுக்க வேண்டாம். பளபளப்பு வேண்டுமென்றால் அதை நீங்களே, வீட்டிலேயே, கையாலேயே கொண்டுவரலாம். அதுவும் மேகசினின் இரண்டு பக்கச் சுவர்களில் மட்டும்.

நண்பர் சொன்ன இரண்டும் சரியல்ல. மேகசினில் இருந்த கறுப்பு வெறும் சாயமன்று. எஃகின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றி உண்டாக்கிய மெல்லிய தோல் அது, எண்ணெயைப் பிடித்துவைத்துத் துருவைத் தள்ளிப்போடுவதும் அதுதான். கண்ணாடிபோலத் தேய்த்தால் முதலில் போவது அந்தத் தோல். உங்கள் மேகசின் எவர்சில்வர் அன்று, சாதாரண எஃகு. தூத்துக்குடியின் உப்புக் காற்றில், தேய்த்து வெறுமையாக்கிய எஃகின்மீது பட்ட விரல்ரேகை சில நாட்களிலேயே பழுப்பாக எழுந்துவிடும். ஆகவே பளபளப்பு என்பது துருவிலிருந்து விடுதலையன்று, வாராவாரம் துடைக்கும் கடமையை நீங்கள் ஏற்றுக்கொள்வது. தோட்டா ஏறுவதற்கும் வெளிப்பக்கப் பளபளப்புக்கும் தொடர்பே இல்லை. தோட்டா உள்ளே ஓடுகிறது, மேல்வாயில் இருபுறமும் வளைந்திருக்கும் உதடுகளே அதை உரிய உயரத்தில், உரிய கோணத்தில் நிறுத்தி, உரிய கணத்தில் விடுகின்றன. அந்த உதடுகளை யாரேனும் தேய்த்துவிட்டால் அதுவரை சிக்காத பிஸ்டலும் சிக்கத் தொடங்கும்.

பாத்திரப் பட்டறையில் நடப்பது இதுதான். பஃப் சக்கரத்தில் சுழலும் துணிக்கு எது சுவர், எது உதடு என்ற பேதம் கிடையாது. விளிம்புகளைத்தான் அது முதலில் தின்னும். மேகசின் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. பக்கத்தில் கொக்கி விழுந்து மேகசினைத் தாங்கும் சிறிய வெட்டின் கூர்முனை மழுங்கினால், மேகசின் தன் இடத்திலிருந்து கீழே இறங்கி நிற்கும், அல்லது சுடும்போது நழுவி விழும். முலாம் இன்னும் கேடு. முலாம் ஏறும்போது சுவரின் கனம் கூடி, பிஸ்டலின் பிடிக்குள் மேகசின் இறுகும். உள்ளே தோட்டாக்களை மேலே தள்ளும் ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தொட்டியில் போட்டால், அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் பிறக்கும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை முறியும் தன்மையுடையதாக்கும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கி அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும் என்பதைக் குத்துவிளக்குக்கு முலாம் போடுபவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது "வாங்கித் தருகிறேன்" என்று நடுவில் நிற்பவரை. 1929இல் அறிமுகமான வால்தர் பிபி போன்ற வெளிநாட்டுப் பிஸ்டல்களின் அசல் மேகசின், 1980களில் வணிக இறக்குமதி நின்றபின் நம் நாட்டில் எளிதில் கிடைக்காத பொருளாகிவிட்டது. பிஸ்டல் வைத்திருப்பவருக்குத் தெரியாத அதன் விலை இந்த இடைத்தரகருக்கு நன்றாகத் தெரியும். பாலிஷுக்குப் போன பழைய .32 மேகசின் ஒன்று "புதுசுபோலத் திரும்பி வந்தது" என்று ஒருவர் என்னிடம் மகிழ்ச்சியோடு கொண்டுவந்து காட்டினார். முதுகுப்புறத்தில் வெல்டிங் தையல் கரடாகத் தெரிந்தது. தோட்டாக்களை எண்ணிப் பார்க்கும் துளைகள் ஒரே கோட்டில் இல்லாமல் ஏறியும் இறங்கியும் இருந்தன. பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய நிறுவன முத்திரையைக் காணவில்லை. "பாலிஷில் அழிந்துவிட்டது" என்று அவருக்குச் சொல்லியிருந்தார்களாம். அசல் மேகசின் வேறெங்கோ விலைபோயிருந்தது. பாலிஷ் என்பது பொருளை மாற்றுவதற்கு மிக வசதியான போர்வை. அடையாளங்கள் அழிந்ததற்குக் காரணம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம் இராது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது அதன் 5ஆம் பிரிவு. "மேகசின்தானே, சுடவா போகிறது" என்ற வாதத்தைக் காவல் நிலையத்தில் நின்றுகொண்டு சொல்லிப் பயனில்லை.

கையால் தேய்ப்பதிலும் ஒரு விலக்கு உண்டு. அதை அழுத்திச் சொல்கிறேன். சில பழைய பிஸ்டல்களில் மேகசினின் அடியிலோ பக்கத்திலோ பிஸ்டலின் எண்ணையே பொறித்திருப்பார்கள்; ஜெர்மானிய லூகரில் அது வழக்கம். உங்கள் மேகசினில் எந்த எண் இருந்தாலும், அது பாதி அழிந்திருந்தாலும், மங்கலாக ஒரே ஓர் இலக்கம் தெரிந்தாலும், அந்தப் பரப்பைத் தேய்க்கவே கூடாது. ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளம் எதையும் அழிப்பதைத் தடை செய்கிறது; அழிந்த நிலையில் உள்ள துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று, மாறாக மெய்ப்பிக்கும்வரை, கருதவும் சொல்கிறது. அழகுக்காகத் தேய்த்தேன் என்பதை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும். வேலையைத் தொடங்குமுன் பகல் வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியால் அடியையும் நான்கு புறத்தையும் பாருங்கள்; எண் இருந்தால் அந்தப் பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு விடுங்கள்.

எண் இல்லையென்றால் செய்முறை எளிது. தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். அடித்தகட்டைக் கழற்றும்போது கட்டைவிரலால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடியுங்கள், இல்லையெனில் முகத்துக்கு நேராகப் பாயும். அது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் கூட்டுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் மரத்துண்டைச் செருகினால் சுவர் நெளியாது. உதடுகளிலும் கொக்கி வெட்டிலும் ஒட்டுத்தாளை இரண்டு சுற்று ஒட்டுங்கள். வாட்டர் பேப்பரை (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தட்டையான ரப்பர் துண்டில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். 600ஆம் எண் தாளில் தொடங்கி, மேலும் மேலும் நைசான 800, 1000, 1500, 2000 என்று ஏறுங்கள். 600இல் நீளவாக்கில் தேய்த்தால் 800இல் குறுக்குவாக்கில் தேய்த்து, முந்தைய கீறல் ஒன்றுகூடத் தெரியாதபோதுதான் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். சொரசொரப்பான 220ஆம் எண் தாளை வாங்கவே வாங்காதீர்கள். துருப்புள்ளி குழியாகியிருந்தால் அது மறையும்வரை தேய்க்க முயலாதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள். குழி இருக்கலாம், சுவர் மெலியக் கூடாது. பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியில் உலோகப் பாலிஷைத் தொட்டு, துணி கறுப்பாக வருவது குறையும்வரை தேயுங்கள். ஒரு மேகசினுக்கு ஒரு முழு மாலைப்பொழுது போகும்.

முடித்ததும் மண்ணெண்ணெயில் கழுவி, துளைகளில் தங்கிய பாலிஷ் பசையைக் காதுப் பஞ்சால் எடுத்து, நன்றாக உலர்த்தி, வெளியே காருக்குப் பூசும் மெழுகை மெல்லிசாகப் பூசுங்கள். உள்ளே எண்ணெய் ஊற்றாதீர்கள். அது கசிந்து தோட்டாவின் அடியில் தீப்பொறி எழுப்பும் கேப்புக்குள் (பிரைமர்) இறங்கினால் வெடிக்க வேண்டிய தோட்டா வெடிக்காது.

இத்தனை பாடுபட்டுத் துடைத்த மேகசின், தேர்தல் அறிவித்ததும் பிஸ்டலோடு காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், சாக்குத்துணியில் சுற்றிய நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். ஒரு நிலையத்தில் எனக்கு எழுதிக்கொடுத்த ரசீதில் "பிஸ்டல் 1" என்பதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. மேகசின் எத்தனை என்று எழுதுங்கள் என்று மூன்று முறை கேட்டபின் தான் "மேகசின் 2" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினார்கள். அந்தப் பென்சில் எழுத்து எனக்குப் போதவில்லை. மேகசின்களின் படங்களை அச்சிட்டு, எண்ணிக்கையையும் முத்திரையையும் குறிப்பிட்ட கடிதத்தின் நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்; ஒப்படைக்குமுன் மெழுகை இன்னொரு முறை பூசிவிடுங்கள்.