உலோகப் படலத்தில் ஒளி என்ன செய்கிறது? உங்கள் கேள்விகளும் பதில்களும்

மஞ்சள் தங்கம் நானோ துகளானதும் ஏன் சிவப்பாகிறது?

உலோகத்தில் கட்டின்றித் திரியும் எலக்ட்ரான்கள்தான் காரணம். ஒளியின் மின்புலம் அவற்றை ஒரு பக்கம் தள்ளும். விட்டுவந்த நேர்மின்சுமை திரும்ப இழுக்கும். ஊஞ்சலைப் போல இந்த ஆட்டத்துக்கும் ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. தண்ணீரில் மிதக்கும் 20 நானோமீட்டர் தங்க உருண்டைக்கு அது ஏறக்குறைய 520 நானோமீட்டர் அலைநீளத்துப் பச்சை ஒளியோடு ஒத்துப்போகிறது; இந்த ஒத்துப்போதலைத்தான் ஒத்ததிர்வு என்கிறோம். பச்சையைத் துகள் விழுங்கிவிட, சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது. தங்கக் கரைசலின் இந்தச் சிவப்புக்கு நுண்ணிய தங்கத் துகள்களே காரணம் என்று ஃபாரடே 1857-லேயே எழுதிவிட்டார்.

கண்ணாடியில் 5 நானோமீட்டர் தங்கம் பூசினேன். நீலமாக இருந்தது, 300 டிகிரியில் சூடாக்கியதும் இளஞ்சிவப்பாகிவிட்டது. படலம் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. நீங்கள் பார்த்தது அருமையான மாற்றம்! பூச்சுக் கருவி காட்டும் 5 நானோமீட்டர் என்பது சராசரிதான். அந்தத் தடிமனில் தங்கம் பெரும்பாலும் முழுப் படலமாக இருக்காது; நெருங்கி நிற்கும், கோணல்மாணலான தீவுகளாக இருக்கும். பக்கத்துத் தீவுகள் ஒன்றையொன்று பாதிப்பதால் ஒத்ததிர்வு சிவப்புப் பக்கம் நகர்கிறது. சிவப்பு உறிஞ்சப்பட, ஊடுருவி வருவது நீலம். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும்; ஆனால் பரப்பில் உள்ள அணுக்கள் நகர 300 போதும். தீவுகள் உருண்டு திரள்கின்றன, இடைவெளி அகல்கிறது, ஒத்ததிர்வு பச்சைக்குத் திரும்புகிறது. நிறமாலையை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். அதே தகட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பாருங்கள். இடைவெளியைப் பார்க்காமல் நிறத்தை விளக்க முடியாது.

50 நானோமீட்டர் வழவழப்பான தங்கப் படலத்தில் நேரடியாக ஒளி அடித்தால் பிளாஸ்மான், அதாவது எலக்ட்ரான்கள் கூட்டாக ஆடும் அலை, கிடைக்குமா?

கிடைக்காது. பரப்பில் ஓடும் பிளாஸ்மானின் உந்தம், காற்றில் வரும் ஒளியினுடையதைவிட அதிகம். அந்தக் குறையை நிரப்பத்தான் முப்பட்டகம். க்ரெட்ச்மன் 1968-இல் காட்டிய அமைப்பில் முப்பட்டகத்தின் மீதே உலோகப் படலம் இருக்கும். குறிப்பிட்ட கோணத்தில் எதிரொளிப்பு சட்டென்று சரியும். படலத்தில் புரத மூலக்கூறுகள் வந்து ஒட்டினால் அந்தக் கோணம் நகரும். உயிர் உணரிகள் அளப்பது அதைத்தான்.

தங்கமா, வெள்ளியா?

கூர்மையான ஒத்ததிர்வு வேண்டுமென்றால் வெள்ளி. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதன் இழப்பு குறைவு. ஆனால் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அதைக் கறுக்கவைக்கும். மாதக்கணக்கில் நிற்க வேண்டிய தகடு என்றால், தயங்காமல் தங்கம். புற ஊதாவுக்கு இரண்டும் வேண்டாம், அலுமினியம் எடுங்கள்.