வாசகர் வினா: பர்மிய ஆடலும் அண்டை இனத்தாரின் ஆடலும்

கேள்வி: பர்மிய நடனத்தில் முழங்காலையும் முழங்கையையும் மடித்து ஆடுகிறார்கள். சோழர் காலத்தில் இங்கிருந்து சென்ற பரதம்தான் அது என்று கொள்ளலாமா? (நாட்டிய மாணவி, கும்பகோணம்)

பதில்: கொள்ள முடியாது. பர்மியக் கரையோடு நமக்கு வணிகத் தொடர்பு இருந்தது உண்மை. பர்மாவின் பழைய தலைநகரான பாகானில் நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலுக்கு அளித்த கொடையைக் கூறும் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டே அதற்குச் சான்று. ஆனால் இன்று மேடையில் காணும் பர்மிய நடனத்துக்கு நெருங்கிய ஊற்று சயாம் நாடு, அதாவது இன்றைய தாய்லாந்து. 1767இல் கொன்பவுங் மரபு மன்னர் சின்பியுஷினின் படை சயாமின் தலைநகர் அயுத்தியாவை வீழ்த்தி, அங்கிருந்த ஆடற்கலைஞரையும் இசைக்கலைஞரையும் சிறைபிடித்துச் சென்றது. அவர்கள் வழியாகவே இராமாயண நாடகம் பர்மிய அரசவையில் செழித்தது. இராமன் அங்கே யாமா. பத்துத்தலை இராவணன் தத்தகிரி.

நீங்கள் கவனித்த மடிப்புக்கு வேறு காரணமும் உண்டு. யொக்தே எனப்படும் மரப்பாவைக் கூத்து அரசவையில் பெருமதிப்புப் பெற்றிருந்த காலத்தில், பாவையைப் போல ஆட வல்லவரே சிறந்த ஆடுநர் எனப் பாராட்டப்பட்டார். நூல் இழுத்ததும் கை மடிவதும், சட்டென்று அசைவு நின்று மறுகணமே உடல் துள்ளுவதும் அவ்வாறு மனித உடலில் படிந்தவை. பரதத்தின் அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரியும். பர்மியப் பெண்களோ இறுகச் சுற்றிய ஆடைக்குள் முழங்கால்களைச் சேர்த்தே மடிக்கிறார்கள். அந்த ஆடையின் நீண்ட பின்தொங்கலைத் தாளம் பிசகாமல் காலால் எற்றித் திரும்புவது, என் பார்வையில், அக்கலையின் மிகக் கடினமான பாடம். உங்கள் ஊர்ப் பக்கம் பொம்மலாட்டம் நடக்கும்போது பொம்மையின் முழங்கையை மட்டும் கவனித்துப் பாருங்கள். பாவை எப்படி ஆசிரியராக முடியும் என்பது விளங்கும்.

கேள்வி: அந்த ஆடலுக்குப் பக்கவாத்தியம் எது? (தவில் கலைஞர், திருவையாறு)

பதில்: சைங் வைங் என்னும் குழு. பொன்பூச்சு இட்ட வட்டச் சட்டத்துக்குள் 21 மேளங்களைத் தொங்கவிட்டு, நடுவில் ஒருவர் அமர்ந்து வாசிக்கிறார். சோற்றையும் மரச் சாம்பலையும் பிசைந்து ஒவ்வொரு மேளத்தின் தோலிலும் அப்பிச் சுருதி கூட்டுவதால், தாளத்தோடு பாட்டின் மெட்டையும் அந்த மேளங்களிலேயே வாசிக்க முடிகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்பும் நம்மவருக்கு அந்த வேலையின் நுட்பம் சொல்லாமலே புரியும். வட்டமாக அடுக்கிய வெண்கலச் சேகண்டிகளும், நாகசுரத்தின் உறவாகத் தோன்றும் ஹ்னே என்னும் குழலும் உடன் ஒலிக்கும். ஆடுநரின் ஒவ்வொரு நிறுத்தத்தையும் மேளக்காரர் முன்கூட்டியே உணர்ந்து அடிக்க வேண்டியிருப்பதால், அவரையே பாதி ஆடுநர் என்பேன்.

கேள்வி: பர்மாவிலிருந்து திரும்பிய என் பாட்டி யானை ஆட்டம் பற்றிச் சொல்வார். அப்படி ஒன்று உண்டா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: உண்டு. மாந்தளைக்குத் தெற்கே உள்ள சௌக்சே ஊரில், தடிங்யுத் என்னும் பர்மிய மாதத்தின் முழுநிலவை ஒட்டி நடக்கும் விழா அது. மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த யானை உருவத்துக்குள் இருவர் நுழைந்து, ஒருவர் முன்கால்களாகவும் மற்றவர் பின்கால்களாகவும் ஆடுவார்கள். தஞ்சைப் பொய்க்கால் குதிரையில் ஆடுபவரின் முகம் வெளியே தெரியும், இங்கே தெரிவதில்லை. ஒருவரை ஒருவர் பாராமலே இருவரும் காலடி ஒத்து ஆடுவதுதான் அதன் அழகு.

கேள்வி: பிற இனத்தாரின் ஆடல்கள்? (ஆசிரியர், மன்னார்குடி)

பதில்: மேடை நடனத்தைவிட இவற்றையே நான் பெரிதாக மதிக்கிறேன், பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லாமல் ஊரே ஆடுவது இவற்றில்தான். வட பர்மாவில் வாழும் கச்சின் மக்களின் மனாவ் திருவிழாவில், வண்ணக் கோலங்கள் தீட்டிய உயர்ந்த கம்பங்களைச் சுற்றிப் பெருங்கூட்டம் வரிசையாக ஆடுகிறது. கம்பத்தில் வளைந்து செல்லும் கோடுகளே ஆட்டத்தின் பாதையைக் காட்டுகின்றன. இருவாய்ச்சிப் பறவையின் அலகும் இறகும் சூடிய முதியவர்கள் முன்னே செல்கிறார்கள். ஷான் மக்கள் பாதி மனிதரும் பாதி பறவையுமான கின்னரியின் ஆட்டமும், தோ எனும் கற்பனை விலங்கின் ஆட்டமும் ஆடுகிறார்கள்; வானுலகில் தாய்க்கு அறமுரைத்துத் திரும்பிய புத்தரை அவை வரவேற்பதாக அவர்கள் நம்பிக்கை. கரேன் மக்களின் டோன் ஆட்டம் இளைஞர் அணிவகுத்து ஆடுவது.

மூங்கில் கழிகளைத் தரையில் தட்ட, அவற்றின் இடையே கால் வைத்துத் தாவும் ஆட்டம் சின் மக்களிடம் உண்டு. அவர்களுக்கு உறவினரான மிசோ மக்கள் நம் நாட்டு எல்லைக்குள்ளேயே அதைச் செராவ் என்ற பெயரில் ஆடுகிறார்கள். பிள்ளைப்பேற்றில் இறந்த தாயின் உயிர் நல்வழி சேர ஆடிய சடங்காட்டம் அது என்பது அவர்கள் மரபு. மார்ச் மாதச் சப்சார் குட் திருவிழாவின்போது மிசோரம் சென்றால் அதை நேரிலேயே காணலாம்.