ஒரே தலைப்பு, நாலு மொழி, நாலு விதமான ஸ்லக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்க டீம்ல அட்மின் பேனல் பைத்தான், சைட் ஜாவாஸ்கிரிப்ட், சைட்மேப் ஜாப் கோ, மொபைலுக்கான ஏபிஐ ஜாவா. நாலுலயும் தலைப்பை வாங்கி யூஆர்எல்லுக்கு ஸ்லக் (லிங்க்கோட கடைசில ஹைஃபன் போட்டு வர்ற பேர்) ஆக்குற ஒரு குட்டி ஃபங்ஷன் இருக்கு, ரீஜெக்ஸ் (எழுத்தைத் தேடிப் பிடிக்கிற பேட்டர்ன்) கூட நாலுலயும் ஒண்ணேதான், காப்பி பேஸ்ட். ஆனா 'தமிழ் மொழி'ன்னு தலைப்பு குடுத்தா பைத்தான்ல 'தம-ழ-ம-ழ'ன்னு வருது, மத்த மூணுலயும் காலியா வருது. இங்கிலீஷ் தலைப்புக்கு எல்லாம் ஒழுங்கா ஒரே மாதிரி வருது. எங்க தப்பு?

பதில்: ரீஜெக்ஸ் ஒண்ணா இருந்தா போதும்னு நினைச்சதுதான் தப்பு. நீங்க போட்டிருக்கிறது அந்த பேக்ஸ்லாஷ் டபிள்யூ (\w) தானே, 'எழுத்தா இருந்தா விடு, மத்ததை ஹைஃபன் ஆக்கு'ன்னு? பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஒவ்வொரு மொழியும் அதுக்கு ஒரு அர்த்தம் வெச்சிருக்கு. ஜாவாஸ்கிரிப்ட், கோ, ஜாவா மூணுக்கும் டீஃபால்ட்டா அது 26 இங்கிலீஷ் எழுத்து, எண், அண்டர்ஸ்கோர், அவ்வளவுதான். தமிழ் மொத்தமும் 'வேண்டாதது' லிஸ்ட்ல போய்டும், அதான் காலி. பைத்தான் 3 யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் நம்பரும் வகையும் குடுக்கிற பட்டியல்) பார்க்கும், அதனால த, ம, ழ எல்லாம் எழுத்துன்னு ஒத்துக்கும். ஆனா கொம்பு, கால், புள்ளி எதுவும் யூனிகோட்ல 'எழுத்து' வகை இல்ல, 'குறி' வகை, பைத்தானோட டபிள்யூ அதை சேர்த்துக்காது, ஒவ்வொரு குறி இருந்த இடத்துலயும் ஒரு ஹைஃபன் விழுந்துடுது. காலியா வர்றதாவது உடனே கண்ணுல படும், இந்த பைத்தான் கதைதான் மோசம், ஏதோ வேலை செய்யுற மாதிரியே காட்டிட்டு ப்ரொடக்‌ஷன் வரைக்கும் போய்டும்.

அதனால டபிள்யூவை விட்டுடுங்க. யூனிகோட்ல எழுத்து, குறி, எண்ணுன்னு வகை இருக்கு, அந்த மூணையும் பேர் சொல்லி கேளுங்க. ஜாவா, கோ ரெண்டுலயும் அப்படியே கேக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட்ல 2018 ஸ்டாண்டர்ட்ல இருந்து யூ ஃப்ளாக் போட்டா கேக்கலாம், பைத்தானோட சொந்த ரீஜெக்ஸ்ல மட்டும் இந்த வசதி இல்ல, ஒண்ணு வெளியில இருந்து 'ரீஜெக்ஸ்'ங்கற பேக்கேஜைப் போடணும், இல்லன்னா யூனிகோட்டேட்டா மாட்யூலை வெச்சு எழுத்து எழுத்தா வகை பார்த்து ஒரு லூப் எழுதணும். லூப் எழுதுங்கன்னுதான் சொல்வேன், பத்து வரிதான்.

இதுல இன்னொரு குழி இருக்கு. குறிங்கறதுலயே உள்வகை இருக்கு. தமிழ்ல புள்ளியும் ஈகாரக் குறியும் ஒரு வகை, இகரக் குறி, கால், கொம்பு எல்லாம் வேற வகை. யாரோ ஒருத்தர் முதல் வகையை மட்டும் அனுமதிச்சு எழுதி வெச்சா 'சீக்கிரம்' போய் 'சீக்க-ரம்' ஆகிடும். அதே மாதிரி ஃப்ரெஞ்ச் எழுத்து தலையில இருக்கிற குறியை எடுக்கன்னு ஒரு பிரபலமான ட்ரிக் சுத்துது, எழுத்தைப் பிரிச்சுட்டு குறியைத் தூக்கிப் போடுறது. ஜாவாஸ்கிரிப்ட்ல பொதுவா எழுதுற வடிவம் லத்தீன் குறிகள் இருக்கிற ஒரு சின்ன ரேஞ்சை மட்டும் தூக்கும், தமிழுக்கு ஒண்ணும் ஆகாது. பைத்தான்ல பொதுவா எழுதுறது அந்த முதல் வகையையே மொத்தமா தூக்கும், அதுல 'சீக்கிரம்' 'சககிரம' ஆகி நிக்கும். ரெண்டு பேரும் 'அக்ஸென்ட் எடுத்தாச்சு'ன்னு ஒரே கமென்ட் எழுதியிருப்பாங்க, அதான் ரிவ்யூல மாட்டாது.

சரி, இப்ப நிஜமான பதில். நாலு மொழியில ஏன் ஸ்லக் உண்டாக்குறீங்க? தலைப்பை சேவ் பண்ற இடம் ஒண்ணுதானே, உங்க விஷயத்துல அட்மின் பேனல். அங்கேயே ஒரு தடவை உண்டாக்கி டேட்டாபேஸ்ல ஒரு காலம்ல (column) போட்டு, ஒரே ஸ்லக் ரெண்டு தடவை வராம யுனிக் இன்டெக்ஸ் வெச்சுடுங்க, சைட்டும் சைட்மேப்பும் ஏபிஐயும் அதைப் படிக்கட்டும், யாரும் திரும்பக் கணக்கு போட வேண்டாம். பாதி பேருக்கு இதோட பிரச்சனை முடிஞ்சிடும்.

இல்ல, ஆஃப்லைன்ல மொபைல்லயே உண்டாக்கணும், ப்ரிவ்யூல உடனே காட்டணும்னு ஏதாவது காரணம் இருந்தா, கோடை ஷேர் பண்ண முடியாது, விதியை ஷேர் பண்ணுங்க. ஒரு பக்கத்துக்கு வரிசையா எழுதி வைங்க: முதல்ல யூனிகோட் நார்மலைஸ் (என்எஃப்கேசி), அப்புறம் சின்ன எழுத்து, அப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஜாயினர் கேரக்டரை நீக்கு, அப்புறம் எழுத்து, குறி, எண் இந்த மூணுல சேராத எது எத்தனை சேர்ந்து வந்தாலும் ஒரே ஒரு ஹைஃபன், அப்புறம் ரெண்டு ஓரத்துலயும் ஹைஃபனை வெட்டு, அப்புறம் நீளம், கடைசியா ஓரத்து ஹைஃபனை இன்னொரு தடவை வெட்டு. வரிசை மாறினா விடை மாறும், வெட்டினதுக்கு அப்புறம் ஓரத்துல ஹைஃபன் தொங்குறது இப்படித்தான் வருது. நார்மலைஸ் ஏன்னு கேப்பீங்க. 'மொ'வை ஒரு கீபோர்ட் ம-வும் ஒகரக் குறியும்னு ரெண்டா அனுப்பும், இன்னொண்ணு ம, கொம்பு, கால்னு மூணா அனுப்பும், ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற சரம். கோ-ல மட்டும் இது ஸ்டாண்டர்ட் லைப்ரரியில கிடையாது, எக்ஸ்-டெக்ஸ்ட் பேக்கேஜ் சேர்க்கணும், மத்த மூணுலயும் கையிலேயே இருக்கு.

அப்புறம் ஒரு ஜேசன் ஃபைல், உள்ள தலைப்பும் வரவேண்டிய ஸ்லக்கும் ஜோடி ஜோடியா. நாலு ரெப்போவோட சிஐயும் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்டைத் தானா ஓட்டுற சிஸ்டம்) அந்த ஒரே ஃபைலை ஓட்டட்டும். அதுல அழகான தலைப்பை விட அசிங்கமானதுதான் நிறைய இருக்கணும்: காலி சரம், வெறும் எமோஜி, வெறும் கேள்விக்குறி, நீளக்கோடு, ரெண்டு விதமா அடிச்ச 'மொ', ஜெர்மன் இரட்டை எஸ் எழுத்து, மேல புள்ளி வெச்ச துருக்கி பெரிய ஐ (İ). இந்த கடைசி ஆளை விட்டுடாதீங்க, சின்ன எழுத்து ஆக்கினா பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஐ-யும் தனிப் புள்ளியும்னு ரெண்டு கேரக்டர் குடுக்கும், கோ வெறும் ஐ குடுக்கும். எதுன்னு நீங்கதான் முடிவு பண்ணி விதியில எழுதணும். இன்னொரு டெஸ்ட்டும் போடுங்க, வந்த ஸ்லக்கையே திரும்ப ஃபங்ஷனுக்குக் குடுத்தா அதே ஸ்லக் வரணும்.

கேள்வி: சார், எங்க ஜாவா சர்வர்ல எல்லாம் சரி, ஒரு கஸ்டமரோட மெஷின்ல மட்டும் இங்கிலீஷ் தலைப்போட ஸ்லக்லயே புள்ளி இல்லாத ஐ (ı) வருது. ஃபான்ட் பிரச்சனையா?

பதில்: ஃபான்ட் இல்ல, அந்த மெஷினோட லொகேல் (மொழி, நாடு செட்டிங்) துருக்கி மொழியில இருக்கும், போய்ப் பாருங்க. ஜாவால சின்ன எழுத்து ஆக்கும்போது ஒண்ணும் சொல்லலன்னா மெஷினோட லொகேலை எடுத்துக்கும், துருக்கியில பெரிய ஐயோட சின்ன எழுத்து புள்ளி இல்லாததுதான். லொகேல் ரூட்னு குடுத்துடுங்க. சி ஷார்ப் வெச்சிருக்கிறவங்க இன்வேரியன்ட் வடிவத்தைப் போடுங்க, கதை அதேதான்.

கேள்வி: தமிழ் தலைப்புக்கு ஸ்லக்கையும் தமிழ்லயே வைக்கலாமா, இங்கிலீஷ் எழுத்துல மாத்திடலாமா? வேர்ட்பிரஸ்ல தமிழ் ஸ்லக் பாதியில வெட்டுப்பட்டு நிக்குது.

பதில்: வெட்டுப்படுறதுக்குக் காரணம் கணக்குதான். தமிழ்ல ஒவ்வொரு கோட் பாயின்ட்டும் (யூனிகோட்ல தனி நம்பர் உள்ள எழுத்தோ குறியோ) யூடிஎஃப்-8ல 3 பைட், அது யூஆர்எல்ல பர்சென்ட் குறியோட போகும்போது பைட்டுக்கு 3 கேரக்டர், ஆக ஒண்ணுக்கு 9. 'தமிழ்'ங்கற வார்த்தைல கோட் பாயின்ட் 5, யூஆர்எல்ல அது 45 கேரக்டர். வேர்ட்பிரஸ் ஸ்லக்கை இந்த பர்சென்ட் வடிவத்துலதான் சேமிக்கும், அதுக்கு எல்லை 200. வகுத்துப் பாருங்க, 22 தாண்டாது, புள்ளி கொம்பு எல்லாம் சேர்த்து. மூணு நாலு வார்த்தைல முடிஞ்சிடும்.

உங்க சொந்த சிஸ்டம்னா டேட்டாபேஸ்ல தமிழாவே வைங்க, லிங்க் எழுதும்போது மட்டும் என்கோட் பண்ணுங்க, ரெண்டு தடவை என்கோட் ஆகாம பார்த்துக்கங்க. நீளத்தை எண்ணும்போதும் ஜாக்கிரதை, கோ-ல லென் பைட்டை எண்ணும், பைத்தான் கோட் பாயின்ட்டை எண்ணும், ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் யூடிஎஃப்-16 துண்டை எண்ணும். தமிழுக்கு பைத்தான் கணக்கும் யூடிஎஃப்-16 கணக்கும் ஒத்துப்போகும், எமோஜியை விட்டு வைக்கிற ஸ்லக்னா அங்க பிரியும். நடு எழுத்துல வெட்டினா 'தமிழ்' போய் 'தமிழ'ன்னு நிக்கும், அதனால எல்லைக்குள்ள இருக்கிற கடைசி ஹைஃபன்ல வெட்டுங்க.

இங்கிலீஷ் எழுத்துக்கு மாத்துறதைப் பத்தி கேட்டா, தானா மாத்துற லைப்ரரி மேல எனக்கு நம்பிக்கை இல்ல. ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு டேபிள். யூனிடிகோட் மாதிரி எழுத்துக்கு எழுத்து மாத்துறதுல மெய்யெழுத்து சத்தம் மட்டும் வரும், உள்ள இருக்கிற அகரம் விட்டுப்போகும், ஐசியூங்கற இன்னொரு லைப்ரரி அகரத்தைப் போடும், ஆனா ழ-வுக்கு எல் கீழ கோடு போட்டுக் குடுக்கும். வாட்ஸ்அப்ல எழுதுற மாதிரி எதுலயும் வராது. இங்கிலீஷ் ஸ்லக்தான் வேணும்னா எழுதுறவங்களே கையால அடிக்க ஒரு பாக்ஸ் குடுத்துடுங்க. லிங்க்கை காப்பி பண்ணி வேற இடத்துல ஒட்டும்போது அந்த பர்சென்ட் மழை வராம இருக்கிறதுக்காகவே நிறைய பேர் இப்படிப் பண்றாங்க, அதுல தப்பு இல்ல.

கேள்வி: நார்மலைஸ் எல்லாம் போட்டாச்சு, அப்பவும் 'ஸ்ரீ'ல ஆரம்பிக்கிற ஒரே தலைப்புக்கு ரெண்டு பக்கம் உண்டாகுது. கண்ணால பார்த்தா ரெண்டு ஸ்லக்கும் ஒண்ணுதான்.

பதில்: ரெண்டு விதமா அடிக்கலாம் அதை. நாம சாதாரணமா 'ஸ' போட்டு அடிக்கிறது ஒண்ணு, 2005ல யூனிகோட் 4.1ல சேர்ந்த 'ஶ' போட்டு அடிக்கிறது இன்னொண்ணு. பல ஃபான்ட்ல ரெண்டும் ஒரே உருவமா வந்து நிக்கும். யூனிகோட் பார்வைல ரெண்டும் வேற எழுத்துங்கறதால எந்த நார்மலைசேஷனும் இதை சேர்க்காது, நீங்களே ஒரு மாற்று வரி எழுதி அதை ஜேசன் டெஸ்ட்லயும் சேர்த்துடுங்க. 'ஔ'வை 'ஒள'ன்னு ரெண்டு எழுத்தா அடிக்கிறவங்களும் உண்டு, ஆனா அதுக்கு பொதுவா மாற்று வரி போடாதீங்க, 'ஒளி' மாதிரி வார்த்தையும் மாட்டிக்கும்.

கேள்வி: தலைப்புல ஒரு எழுத்துப்பிழை இருந்துச்சு, திருத்தினோம். ஸ்லக்கையும் திருத்தலாமா?

பதில்: போட்டு ஒரு மணி நேரம் கூட ஆகல, யாரும் ஷேர் பண்ணலன்னா திருத்துங்க. இல்லன்னா விடுங்க, தலைப்பு மாறினா ஸ்லக் தானா மாறுற மாதிரி கோட் இருந்தா அதை முதல்ல எடுங்க. மாத்தியே ஆகணும்னா பழைய ஸ்லக்கை ஒரு தனி டேபிள்ல வெச்சு 301 ரீடைரக்ட் (பழைய லிங்க்கை நிரந்தரமா புதுசுக்குத் திருப்புறது) குடுங்க, புதுசா ஒரு ஸ்லக் உண்டாக்கும்போது அந்தப் பழைய டேபிளையும் சேர்த்து செக் பண்ணுங்க, இல்லன்னா நாளைக்கு வேற கட்டுரை அந்தப் பேரை எடுத்துக்கும், பழைய லிங்க் அழுத்துறவங்க சம்பந்தமே இல்லாத பக்கத்துல போய் நிப்பாங்க.