ஃபோம் ஃபில்டரைக் கழுவிய பிறகும் கார்புரேட்டர் வாயில் தூசி

எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஃபோம் ஃபில்டரை மாற்ற வேண்டாம், அது உட்காரும் விளிம்பில் கிரீஸ் தடவுங்கள். கழுவி எண்ணெய் போட்ட பிறகும், வண்டியை மணலில் ஓட்டிவிட்டு வந்தால் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் மாவு மாதிரி தூசி படிகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அது ஃபோம் வழியாக வருவதில்லை. ஏர்பாக்ஸுக்கும் (ஃபில்டர் உட்காரும் பெட்டி) ஃபோமுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் நுழைகிறது.

இப்படிப் பாருங்கள்:

1. குழாயின் உள்பக்கத்தைத் துடைத்து, மெல்லிசாக வெள்ளை கிரீஸ் பூசுங்கள்.
2. ஒரு சுற்று ஓட்டிவிட்டு விரலால் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் நறநறவென்றால் அங்கே விளிம்பு சரியாக உட்காரவில்லை, இல்லை குழாயை இறுக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் ஃபோமில் எண்ணெய் போதவில்லை.

எண்ணெய் என்றால் ஃபோம் ஃபில்டருக்கென்றே விற்பது. சாதா எஞ்சின் ஆயில் மெல்ல வடிந்து கீழே தேங்கும், மேல்பாதி காய்ந்துபோகும். முழுக்கக் காய்ந்த ஃபோமில் ஊற்றி, நிறம் எங்கும் சமமாக வரும்வரை பிசையுங்கள். அழுத்தினால் சொட்டக் கூடாது. முறுக்கிப் பிழியாதீர்கள். அப்புறம், பெட்ரோலில் கழுவும் பழக்கம் இருந்தால் விடுங்கள். ஃபோமை ஒட்டியிருக்கும் பசை கரைந்து மூட்டு வாய் பிளக்கும், தீ அபாயம் வேறு.

ஒன்று: தூசி ஏற்கெனவே நிறைய உள்ளே போயிருந்தால் ஃபில்டரைச் சரிசெய்வது மட்டும் போதாது. நீலப் புகை வந்தாலோ, ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தாலோ, கம்ப்ரஷன் (எஞ்சின் சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.